மிளகாய்ப் பொட்டலில் இறங்கிய டகோட்டா

அந்தச் சிலிக்கான் பசைத் துப்பாக்கியைக் கீழே வையுங்க தம்பி. வையுங்க, சொல்கிறேன். பொம்மைப் பெட்டிக்கு நாலு பக்கக் கண்ணாடியும் நிறுத்திட்டீங்க, நல்ல வேலை, ஒரு குறை சொல்ல மாட்டேன். மேல்கண்ணாடியை மட்டும் இப்போது ஒட்டாதீங்க. ஒட்டினால் முடிந்தது. அப்புறம் அதற்குள் யார் நிற்கிறாரோ அவர்தான் அன்றைக்கு நின்றவர். எங்கள் ஊர் மேலநேந்தல் பள்ளிக்கூட வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் மூக்கை அழுத்தி அழுத்திப் பார்க்கும். நான் போய் "அது அப்படி இல்லை, அது அப்படி இல்லை" என்று கத்தினால் எவன் கேட்பான்? கண்ணாடிக்குள் இருக்கிறதைத்தான் உலகம் நம்பும்.

என் மச்சினன் வேல்ச்சாமி லோடு ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் ஒரு காரியம் முடிக்க வேண்டும். இதோ இடுக்கி. இதோ தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள்ளே ஒரு மெழுகு ஆள் இருக்கிறான், பாருங்க, வேட்டியை அவிழ்த்துத் தலைக்கு மேலே ஆட்டுகிறான். அது நான். நானே செய்தது, மூக்கு கொஞ்சம் கோணல், போகட்டும். அங்கே கண்ணாடிக்குள், ரன்வே நடுவில் பொம்மை ஒருத்தி தாவணியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறாளே, அவளைப் பிடுங்கிவிட்டு இவனை அங்கே நட வேண்டும். அவ்வளவுதான்.

இடுக்கி ஏன் நழுவுகிறது என்று பார்க்கிறீங்களா? கோபம் தம்பி. வயசு இல்லை. கோபம்.

சிக்கந்தர்தானே உங்க பேரு? இந்தத் தெருவுக்குள் வந்து என்ன கேட்டீங்க? "ஏரோப்ளேன் பூமிநாதன் வீடு எது"ன்னு கேட்டீங்க. கதவு நம்பர் கேட்டீங்களா? பரமக்குடியில் சைக்கிள் கடை வைத்தவன் ஆயிரம் பேர் இருப்பான். ஏரோப்ளேன் ஒருத்தன்தான். அந்தப் பெயர் சும்மா வந்ததா? கேளுங்க.

வெள்ளைக்காரன் ஜப்பான்காரனுக்குப் பயந்து எங்கள் ஊர்ப் பொட்டலில் ஒரு ரன்வே போட்டான். சண்டை முடிந்தது, தளத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். எங்கள் சனத்துக்கு அதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? மாசி பங்குனி வந்தால் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை முண்டு மிளகாய் காயும். அறுபத்தெட்டா, அறுபத்தொன்பதா, ஒரு பங்குனி வெயிலில் வடக்கே இருந்து ஒரு டகோட்டா விமானம் வருகிறது. ஒரு எஞ்சின் நின்றுபோச்சு. இன்னொன்று க்ஷயரோகி மாதிரி இருமுகிறது. பைலட் மேப்பைப் பார்க்கிறான், ரன்வே இருக்கிறது. கீழே பார்க்கிறான், ரன்வே முழுக்கச் சிவப்பு. நடுவில் மூட்டை ஏற்ற வந்த மாட்டுவண்டி ஒன்று.

பெண்டுகள் எல்லாம் கூடையைப் போட்டுவிட்டு ஓட்டம். மாடுகளை அவிழ்த்துவிட்டது நான். அதை எவனும் சொல்ல மாட்டான், நீங்க ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. வண்டியை நகர்த்த நேரம் இல்லை. ஏரோப்ளேன் நேரே வண்டியைப் பார்த்து வருகிறது. அப்போது நான், பதினெட்டு வயசு, இடுப்பு வேட்டியை உருவினேன். வெள்ளை வேட்டி, எட்டு முழம். கோவணத்தோடு ரன்வே நடுவில் நின்று, அந்தப் பக்கம் போடா, அந்தப் பக்கம் போடா என்று ஆட்டினேன். பைலட் பார்த்தான். மூக்கைத் திருப்பினான். இடது டயர் வெடித்தது. வண்டிக்கு ஒரு கஜம் தள்ளி உருண்டு போய், மிளகாய்க் குவியலில் முட்டி நின்றது.

அந்த எஞ்சின் விசிறிக் காற்றில் மிளகாய் எல்லாம் மேலே போய்விட்டது தம்பி. போய், யோசித்து, நிதானமாக மழை மாதிரி இறங்கியது. மூன்று ஊர்க் காக்கை தும்மியது. காக்கை தும்மிப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளாட்டுக் குட்டி காற்றோடு போய் அடுத்த ஊர்க் கோயில் மண்டபத்து மேலே இறங்கியது. வானத்திலிருந்து வந்த குட்டி, சாமிக்கு என்று சொல்லி அந்த ஊர்க்காரன் திருப்பித் தரவே இல்லை. பைலட் இறங்கி வந்தான், கண்ணிலும் மூக்கிலும் அருவி. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நன்றியில் அழுதானா, மிளகாயில் அழுதானா என்று கேட்காதீங்க. அழுதான்.

"ஏங்க! காக்கா தும்மிருச்சா? டீயை வடிக்கவா?"

கேட்டீங்களா? என் வீட்டுக்காரி, நாகவல்லி. இந்தக் கதையில் எந்த இடத்தில் பாலை இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஏளனம்! வடி, வடி! தம்பிக்குச் சர்க்கரை தூக்கலா!

இந்த வீட்டில் எனக்கு மரியாதை கிடையாது தம்பி. இந்த டகோட்டாவைச் செய்தது யார்? பெரிய மகன் சிங்கப்பூரிலிருந்து உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் அனுப்பினான், நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஒரு கம்பி, ஒரு கதவு ஒட்டவே ஒரு பொழுது போகும். இறக்கைத் தகடுகளின் இணைப்புக் கோடுகளில் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டுத் துடைத்தேன். எஞ்சினுக்குக் கீழே வழிந்த எண்ணெயை ஒற்றைப் பிரஷ் மயிரால் இழுத்தேன். பார்த்தால் தொட்டு மோந்து பார்க்கத் தோன்றும். மனுசங்க மட்டும் எனக்கு வராது. அதற்கு வேல்ச்சாமி. பல்செட் கட்டுகிற தொழில் அவனுக்கு. பல் மெழுகில், பல் சீவுகிற கம்பியால், சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஆள் செய்வான். கண்ணைக் கசக்குகிற பைலட்டைப் பாருங்க, மூக்கு ஒழுகுவது தெரிகிறதா? அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. அவன் கர்வம்தான் ஆகாது.

மிளகாய்க்கு நான் கசகசாவைச் சாயத்தில் போட்டு வைத்தேன். "மச்சான், இந்த அளவுக்கு இது மிளகாய் இல்லை, தக்காளி"ன்னான். சரி, அசல் மிளகாய்த்தூளே போடுவோம், மணமாவது இருக்கும் என்று போட்டேன். ஐப்பசி மழையில் வண்டு விழுந்தது. டகோட்டா இறக்கை மேல் ஒரு வண்டு நடக்கிறது. அதைக் காட்டி, "இது எந்தக் கம்பெனி விமானம் மச்சான்?" என்று கேட்கிறான். அக்காவும் தம்பியும் சிரிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ரவையை இடித்துத் துணியில் சலித்து, சிவப்புச் சாயம் ஏற்றிப் போட்டோம். பொறுத்துக்கொண்டேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

இதைப் பொறுக்க முடியாது.

இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. எந்த ஆளை எங்கே வைப்பது என்று மனசுக்குத் தோன்றினபடி வைக்கக் கூடாதாம். பார்த்தவனைக் கேட்க வேண்டுமாம். "மச்சான், நீங்க நின்ன இடத்துலேருந்து என்னென்ன தெரிஞ்சுது? ஒண்ணு விடாமச் சொல்லுங்க." நானும் வெள்ளந்தியாகச் சொன்னேன். டயர் வெடித்ததைச் சொன்னேன். டகோட்டாவின் வயிற்றில் எண்ணெய் கோடு கோடாக ஓடியிருந்ததைச் சொன்னேன். வண்டிச் சக்கரத்து ஆரக்கால் இரண்டுக்கு நடுவில் வானம் தெரிந்ததைச் சொன்னேன். முன்னால் ஒரு குதிகால் ஓடினது, மிளகாயை மிதித்து மிதித்துச் சிவந்த குதிகால், ஓட ஓடக் கொலுசு ஏறி இறங்கினது, அதையும் சொன்னேன். அவன் மெழுகைச் சீவிக்கொண்டே தலையை ஆட்டினான். பல் பிடுங்கப்போகிறவன் ஆட்டுவது மாதிரி.

மறுநாள் விமானமும் வண்டியும் தரையில் உட்கார்ந்த பிறகு, ஒரு கண்ணாடியை எடுத்தான். பல் டாக்டர் வாய்க்குள் விடுவாரே, கம்பி நுனியில் பொட்டளவுக் கண்ணாடி, அது. ரன்வே நடுவில் பிடித்தான். "இங்க நின்னா டயர் தெரியுது மச்சான், வயித்து எண்ணெய் தெரியலை." கொஞ்சம் பின்னால் இழுத்தான். "இங்க ஆரக்கால் தெரியலை." இழுத்து இழுத்து, கடைசியில் வண்டிக்கு அடியில் கொண்டுபோய் விட்டான். "இப்பப் பாருங்க."

பார்த்தேன். அந்தப் பொட்டுக்குள் டயர் இருந்தது. எண்ணெய்க் கோடு இருந்தது. ஆரக்கால் இருந்தது, நடுவில் வானம் இருந்தது. நான் சொன்னது எல்லாம், சொன்ன வரிசையிலேயே இருந்தது.

"நீங்க பொய் சொல்லலை மச்சான். பார்த்ததைத்தான் இத்தனை வருஷமாச் சொல்லியிருக்கீங்க. படுத்துக்கிட்டுப் பார்த்திருக்கீங்க."

எவன் எவன் வாய்க்குள்ளோ போய்வந்த கண்ணாடி தம்பி! அது எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது! அதற்கு என்ன தெரியும்? ஒருத்தன் வெயிலில் நிற்கும்போது நாலு பக்கமும் பார்க்க மாட்டானா? குனிய மாட்டானா?

"அப்ப அந்தக் குதிகால் யாரோடது மச்சான்?" என்று கேட்டான். நான் எழுந்து வெற்றிலை வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ரன்வே நடுவில் இந்தத் தாவணிக்காரி நிற்கிறாள். வண்டிக்கு அடியில் ஒருத்தன் குப்புறக் கிடக்கிறான், பின்பக்கம் மட்டும் வெளியே. அவன் இடுப்பில் வேட்டி பத்திரமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்க.

இன்னொன்று சொல்கிறேன், இது இந்த அறையை விட்டுப் போகக் கூடாது. "நின்றது ஒரு பெண்" என்று அன்றைக்கே ஒரு பேச்சு இருந்தது. கிளப்பிவிட்டவன் அந்த பைலட்தான். "அந்தப் பெண் எங்கே, அந்தப் பெண் எங்கே" என்று தேடினானாம். கண்ணில் மிளகாய் விழுந்தவன்! அவன் பேச்சை எடுத்துக்கொண்டு ஊர் ஆடியது. அன்னிய ஆம்பளைக்குத் தாவணியை உருவி ஆட்டினவ எவ? எந்த வீட்டுக்காரி? களத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தி பெயராக எடுத்து, ஒருத்தியில் வந்து நின்றார்கள். யாரோ ஒருத்தி. எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவள் அப்பன் மாட்டை அடிக்கிற தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு, வாசலில் நிறுத்தி, கை முதுகு என்று பார்க்காமல்... என் மாமனாருக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது.

மாமனார் என்றா சொன்னேன்? அந்தப் பெண்ணோட அப்பன் என்று சொல்ல வந்தேன். பல்செட் போட்டால் வாய் குழறும்.

நான் போய் நடுவில் நின்றேன். "நின்னது நான்தான்யா. தாவணியுமில்லை, சேலையுமில்லை, என் வேட்டி. உங்க கண்ணுல என்ன, மிளகாயா அரைச்சுக் கட்டியிருக்கு?" எவனும் நம்பவில்லை. கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். எங்கள் கருப்பன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் ரத்தம் கக்கிச் செத்துப்போவான். நான் செத்தேனா? இந்த வயசிலும் பல் மட்டும்தான் போயிருக்கிறது. அப்படியென்றால் நான் சொன்னது உண்மைதானே? கருப்பனைவிடப் பெரிய சாட்சியா அந்த வாய்க்கண்ணாடி?

ஊர் கொல்லென்று சிரித்தது. கொஞ்ச நாள் கோவணாண்டி என்று கூப்பிட்டார்கள், அப்புறம் ஏரோப்ளேன் என்று கூப்பிட்டார்கள். சிரிக்கிற ஊர் அடிக்காது தம்பி. அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்கள். அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் ஆனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது சொல்லுங்க, நான் கோபப்படலாமா கூடாதா? எந்த ஊர் நாக்குக்குப் பயந்து மறைத்தோமோ, அதாவது, எந்த ஊர் தப்பாகப் பேசினதோ, அதே ஊருக்கு அவளைக் கொண்டுபோய், தாவணி இல்லாமல், நாலு பக்கமும் கண்ணாடி வைத்து நிறுத்துகிறான்! கேட்டால், "மச்சான், ஊரு மாறிப்போச்சு. இப்ப அக்காவைத் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க" என்கிறான். எந்த அக்கா? யார் அக்கா? ஊர் மாறிப்போச்சாம். இவன் பார்த்தான்! பல்லைத் தவிர மனுசனிடம் வேறென்ன பார்த்திருக்கிறான் இவன்?

பேச நேரமில்லை. அந்த விளக்கை இப்படிப் பிடிங்க. இன்னும் கிட்டே. ம்... வர மாட்டேன் என்கிறாள். எதைப் போட்டு ஒட்டினானோ, பல் ஒட்டுகிற பசையாகத்தான் இருக்கும். முரட்டுக் கழுதை. கழுத்தைப் பிடித்தால் முறிந்துவிடும். இடுப்பில் பிடிக்கலாம். முகத்தைப் பார்த்தீங்களா? ஒரு உளுந்தளவு இல்லை, அதில் அந்த முகவாயை எப்படிக் கொண்டுவந்தான் சண்டாளன்? இப்படித்தான் தூக்குவாள். வருகிறது ஏரோப்ளேன், தலைக்கு நேரே வருகிறது, வீடு திரும்புகிற எருமையை மறிக்கிறவள் மாதிரி முகவாயைத் தூக்கிக்கொண்டு...

நீங்க பிடுங்குறீங்களா? உங்களுக்கு இடுக்கி நழுவாது. இந்தாங்க இடுக்கி. ஏய், ஏய், அப்படி இல்லை! விடுங்க! கையை எடுங்க தம்பி! அவளுக்குக் கால் முறிந்தால் என்ன செய்வது?

ஐயையோ, நாகவல்லி வந்துவிட்டாள். இடுக்கியைப் பைக்குள் போடுங்க.

"எதை மறைக்கிறீங்க ரெண்டு பேரும்? தம்பி, டீ எடுத்துக்கப்பா. அவரு பேச்சைக் கேட்டா நீ இன்னைக்கு வீடு போய்ச் சேர மாட்ட."

ஒன்றும் மறைக்கவில்லை. இறக்கை ஒன்று ஆடுகிறது.

"கண்ணாடி போட்டாச்சா?"

மேல்மூடி பாக்கி. நீ போ. மெழுகு வாடை உனக்கு ஆகாது. மூன்று மாசமாக இந்த மேஜைப் பக்கம் எட்டிப் பார்க்காதவள் இப்போது எதற்கு வருகிறாய்?

"நகருங்க. மூடிட்டா அப்புறம் கிட்டப் போய்ப் பார்க்க முடியுமா?"

நாகவல்லி, சொன்னால் கேள். உன் தம்பி கூத்தடித்து வைத்திருக்கிறான். நான் எல்லாவற்றையும் சரி பண்ணிவிடுகிறேன். பண்ணிக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தம்பியைக் கேள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நீ உள்ளே போ.

என்ன, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாய்? திட்டணும்னா அவனைத் திட்டு. அழாதே, வேற்று ஆள் இருக்கிறார்.

"யாரு அழுதா? கண்ணாடியத் தொடைச்சிட்டு மறுபடி பார்க்கிறேன். தாவணி வெள்ளை இல்லை."

என்ன?

"வெள்ளையடிச்சு வச்சிருக்கான் எந்தம்பி. வெள்ளை இல்லைங்க அது. மூடறதுக்கு முன்னாடி மாத்தச் சொல்லுங்க. பிள்ளைங்க பார்க்கிறது, தப்பா இருக்கக் கூடாது."

போய்விட்டாள். அடுப்படிக்குப் போய்விட்டாள் தம்பி, காலி டம்ளரையும் எடுத்துக்கொண்டு.

நீங்க என்ன சிரிக்கிறீங்க? சிரிக்கவில்லையா? சரி. அந்த ஜன்னல் விளிம்பில் சின்னப் பிரஷ் இருக்கிறது, எடுங்க. பச்சை டப்பி. அது இல்லை, அது பட்டாளத்துப் பச்சை. அந்தப் பக்கத்து டப்பி, ராமர் பச்சை. இந்த மூடியில் ஒரு சொட்டு விடுங்க. புதுசாக இருக்கக் கூடாது. இன்னொருத்தி கட்டிக் கழித்துக் கொடுத்த பச்சை, நாலு தீபாவளி பார்த்த பச்சை. ஒரு துளி வெள்ளை. ஒரு துளி பழுப்பு. நடுவில் கொஞ்சம் கருக்கும், ஓரத்தில் வெளுக்கும், துவைக்கிற கல்லில் அடித்து அடித்து ஓரம் வெளுத்துப்போயிருக்கும். இப்படி. மூச்சு விடாதீங்க. முந்தி மூலையில் ஒரு கிழிசல் வேண்டும், கருவேல முள் இழுத்த கிழிசல். அந்தப் பிளேடைக் கொடுங்க. ம். மெள்ள. ம்.

நாகவல்லி! ஏய், நாகவல்லி! கையைத் துடைத்துக்கொண்டு இங்கே வா! இதுவா?

தாவணியைப் பாரு என்றால் என் மூஞ்சியை ஏன் பார்க்கிறாய்?

"நான் உங்ககிட்ட கலரே சொல்லலையே."

தம்பி, என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறீங்க? உங்களுக்கு வேறு வேலை இல்லையா? அங்கே பாருங்க, ஆட்டோ ஹாரன் அடிக்கிறான், அந்தப் பல்லுக்காரன் வந்துவிட்டான். பச்சை எப்படி வந்தது என்று கேட்டால் காற்றில் வந்தது என்று சொல்லுங்க. வண்டிக்கு அடியில் கிடக்கிறவன் கிடந்துவிட்டுப் போகட்டும், யார் என்று எவனாவது கேட்டால் வெளியூர்க்காரன் என்று சொல்லுங்க. துப்பாக்கியை எடுங்க. எடுங்க என்கிறேன். ஒரு ஈ நுழைய இடம் இருக்கக் கூடாது, நாலு ஓரமும் அழுத்தி ஒட்டுங்க. கருப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.